மாலை இல்லாத படம்

உடையார்கட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் எட்டாம் ஆண்டு படித்தபோது வரலாற்றுப் பாடத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். அதுவரை வரலாறு என்றால் அரசர்களின் பெயரையும் அவர்கள் கட்டிய குளங்களையும் பாடமாக்கி ஒப்புவிப்பதுதான். இவரோ எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்பார். ஆதாரம் காட்டினாலும் விடமாட்டார். "வேறை விளக்கம் இருக்கேலாதோ?" என்று அடுத்த கேள்வி வரும்.

ஒருநாள், வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவந்து, அதிலிருந்து தெரியவரும் ஒன்றை ஆதாரத்தோடு எழுதச் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று அப்பாவின் தகப்பனான அப்பப்பா, மற்றது அண்ணா. அண்ணா போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருடைய படத்தை அம்மா சேலைத் தலைப்பால் துடைத்து, "கண்ணாடி கவனம்" என்று சொல்லித் தந்தார்.

எனக்கு முன் எழும்பிய பெடியன், சைக்கிளோடு நிற்கும் தன் அப்பாவின் படத்தைக் காட்டி, அப்பாவிடம் சைக்கிள் இருந்தது என்றான். இரவல் சைக்கிளாக இருக்கக்கூடாதா என்று ரீச்சர் கேட்டார். வகுப்பே சிரித்தது. பாவம், அவன் முகம் தொங்கிப் போயிற்று.

நான் எழுந்து வாசித்தேன். அண்ணா உயிரோடு இருக்கிறார். ஆதாரம்: செத்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள். எங்கள் வீட்டில் அப்பப்பாவின் படத்துக்கு மாலை உண்டு. அண்ணாவின் படத்துக்கு இல்லை.

ரீச்சர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கொப்பியில் சிவப்புப் பேனாவால் பெரிதாகச் 'சரி' போட்டு, "ஓம், இருங்கோ" என்றார். ரீச்சரையே வென்றுவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் அம்மா குசினி வாசலில் நின்று நான் எழுதியதை இரண்டு தரம் வாசித்தார்.

"ரீச்சர் வேறை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லை அம்மா. சரியெண்டு போட்டவா."

அம்மா அழுதார். பிறகு அந்தத் தாளைக் கவனமாகக் கிழித்தெடுத்து, அலுமாரியில் அண்ணாவைத் தேடி எழுதிய மனுக்கள் இருந்த கோப்பில் வைத்தார். அதற்குப் பின் எந்த விசாரணைக்குப் போனாலும் அந்தத் தாளும் கூடவே போனது.

அந்தப் படத்துக்கு மாலை போட விடாமல் வைத்திருந்தவரே அம்மாதான். அதையே ஆதாரமாக எழுதி அவர் கையிலேயே நான் கொடுத்திருக்கிறேன். எல்லோரிடமும் கேட்ட கேள்வியை ரீச்சர் என்னிடம் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.