கார்லெட்டா அத்தை ஜெயித்துக் கொடுத்த ஏரி

கார்லெட்டா ஹேர்ஸ்டன் அமெரிக்காவில் ஃபெடரல் என்கிற மத்திய அரசின் வக்கீலாக இருந்த காலத்தில், எங்கள் லிட்டில் பெத்தாபரா சபையில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காது. மரியாதை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பயத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வைக்கும் பெயர் அது. சபைப் பொறுப்பில் இருந்த டீக்கன் கிரேவ்லி வருமான வரி கட்டும் மாதத்தில் அவருக்கு மூன்று பெஞ்சு தள்ளித்தான் உட்காருவார். சபைப் பிள்ளைகளான எங்களுக்கு மட்டும் அவர் வெறும் கார்லெட்டா அத்தை. அவர் கைப்பையில் எப்போதும் புதினா மிட்டாய் இருக்கும். கேட்டால் தரமாட்டார். திருடினால் கண்டுகொள்ள மாட்டார். நாட்டின் சட்டத்தைக் காப்பாற்றியவர் என்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

அவருடைய அப்பா ராஸ்கோ ஹேர்ஸ்டன், ஊரில் இருந்த நாற்காலித் தொழிற்சாலையில் நாற்காலிக்குக் கால் மாட்டியவர். வர்ஜீனியாவில் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பது தன் தயவில்தான் என்பார். அம்மா மோசெல், பாடகர் குழுவில் முன்வரிசை. ராஸ்கோ ஒவ்வொரு ஞாயிறும் மனைவியை ட்ரக்கில் கூட்டிவந்து சபை வாசலில் இறக்கிவிடுவார். பிறகு மரநிழலில் வண்டியை நிறுத்தி, ஆராதனை முடியும்வரை ரேடியோவில் பேஸ்பால் கேட்பார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதுதான். பிரசங்கத்தின் நடுவே வெளியே "அட மடையா, ஓடு!" என்று சத்தம் கேட்டால் பாஸ்டர் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் தொடர்வார்.

மோசெலுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. ராஸ்கோ ஞானஸ்நானம் எடுக்கவேண்டும்.

"பரலோகத்துல நான் தனியா உக்காந்து யாரோட சண்ட போடுறது?" என்று கேட்பார்.

"அங்கயாவது உனக்கு ஓய்வு கெடைக்கட்டுமேன்னு பாக்குறேன்" என்பார் ராஸ்கோ. ஒரு வருஷம் முட்டி வலி, ஒரு வருஷம் சளி, ஒரு வருஷம் பாஸ்டரின் பிரசங்கம் நீளம். காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

இந்த வீட்டில் பிறந்த கார்லெட்டா அத்தை ஸ்காலர்ஷிப்பில் சட்டம் படித்து, அரசு வக்கீல் வேலையில் சேர்ந்து, இருபத்தாறு வருஷம் ஓட்டினார். போதை மருந்து விற்றவர்கள், பாங்கைக் கொள்ளையடித்தவர்கள், பாங்குக்குள்ளேயே உட்கார்ந்து டை கட்டிக்கொண்டு கொள்ளையடித்தவர்கள் எல்லாரையும் உள்ளே அனுப்பினார். கோர்ட்டில் எழுந்து, "அமெரிக்க அரசு சார்பா கார்லெட்டா ஹேர்ஸ்டன், யுவர் ஆனர்" என்று அவர் சொன்னாலே எதிர்த்தரப்பு வக்கீல்கள் பேரம் பேச வந்துவிடுவார்களாம். தோற்ற கேஸ்களை விரல் விட்டு எண்ணலாம், அதுவும் ஒரு கைதான் தேவைப்படும்.

அவரை மாற்றியது ஒரு கேஸ். அதிலும் அவர்தான் ஜெயித்தார். ஒரு சிறைக் கைதி, தன் மதத்தில் பன்றி ஆகாது, வேறு சாப்பாடு தாருங்கள் என்று வழக்குப் போட்டிருந்தான். சிறையின் பக்கம் வாதாட அத்தையை அனுப்பினார்கள். போனார், பேசினார், பத்து நிமிஷத்தில் முடித்தார். வெளியே வந்து கடையில் பசியோடு சான்ட்விச் வாங்கிக் கடித்தபோதுதான் உள்ளே இருப்பது பன்றி என்று கவனித்தார். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை, கோர்ட்டு படிக்கட்டில் கன்னம் உப்ப நின்றிருந்தேன் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், அந்தக் கைதிக்கு அன்று ராத்திரி என்ன சாப்பாடு கிடைத்ததோ என்பார்.

மறுவருஷம் வேலையை விட்டார். ரோனோக்கில் ஒரு பல் டாக்டர் கடைக்கு மேலே, சாமி விஷயமாக அரசாங்கத்தோடு தகராறு உள்ளவர்களுக்காக வாதாடும் மூன்று வக்கீல்கள் இருந்தார்கள். நாலாவதாகப் போய்ச் சேர்ந்தார். எந்தச் சாமி என்பது அங்கே கணக்கில்லை. கீழே பல் பிடுங்கும் அலறல் கேட்க, மேலே முஸ்லிம்களும் யூதர்களும் சீக்கியர்களும் பாப்டிஸ்டுகளும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

செய்தி கேட்டதும் ராஸ்கோ ட்ரக்கை விட்டு இறங்கியே வந்துவிட்டார். "கவர்மெண்டு வேலைய எவனாவது விடுவானா? பென்ஷன் வேலை மவளே, பென்ஷன்!"

"பென்ஷன் வரும்ப்பா. கொஞ்சம் கம்மியா வரும்."

"சாமிக்காக வாதாடப் போறியாம். ஏன், அவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையா?"

அத்தை அங்கே தனியாக நின்று நடத்திய முதல் கேஸ் எங்கள் சபையுடையதுதான். எங்கள் சபைக்கு ஞானஸ்நானம் என்றால் முழுக்குத்தான், அதுவும் திறந்தவெளித் தண்ணீரில்தான். அந்தக் காலத்தில் ஓடையில் கொடுத்தார்கள். அரசாங்கம் அணை கட்டியது, ஓடை ஏரியானது. தண்ணீர் கரையேறி வர வர, சபையும் பின்னாலேயே நகர்ந்து, ஏரியின் அதே மூலையில் தொடர்ந்தது. போன ஜூனில் பாஸ்டர் டில்லார்ட் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஒருவரை முக்கி எடுத்து ஆமென் சொன்னதும், கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஏரிக் காவலர் டோபி ஏக்கர்ஸ் ஒரு அபராத டிக்கெட்டை நீட்டினார். ஃபெடரல் நிலத்தில் அனுமதி இல்லாமல் விழா நடத்திய குற்றம். வழக்கு முடியும்வரை சபைக்கு அந்த மூலை கிடையாது.

அபராதம் பெரிய தொகை இல்லை. ஆனால் பாஸ்டர் கட்டமாட்டேன் என்றார். "கட்டுனா குத்தம் செஞ்சேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். ஞானஸ்நானம் குடுத்தது குத்தம்னு என் வாயால எப்படிச் சொல்லுவேன்?"

அன்று சாயங்காலம்தான் ஹேர்ஸ்டன் வீட்டில் அந்த அதிசயம் நடந்தது. மோசெல் வழக்கம்போலப் பேச்செடுத்து, டவுன் சபையில் ஓடு பதித்த, வெந்நீர் வருகிற தொட்டி இருக்கிறதே, அங்கேயாவது எடுக்கக்கூடாதா என்று கேட்டார்.

"தொட்டியில ஊறப் போட நான் என்ன வெள்ளரிக்காயா?" என்றார் ராஸ்கோ. "எடுத்தா ஏரியிலதான் எடுப்பேன். அந்த மூலையிலதான். தெறந்துவிடச் சொல்லு, அடுத்த முழுக்குல மொத ஆளா எறங்குறேன்."

மோசெல் போன் இருந்த பக்கம் ஓடினார். ரோனோக்குக்குப் போன் போட்டு அழுதார். கார்லெட்டா அத்தை மறுநாளே கேஸை எடுத்துக்கொண்டார். அடுத்த முழுக்கு ஆகஸ்ட் மூன்றாம் ஞாயிறு. விசாரணை அதற்கு முந்தின வியாழன். அப்பாவின் மனசு மாறுவதற்குள் ஏரி திறக்கவேண்டும், அவ்வளவுதான் அத்தைக்கு.

வியாழக்கிழமை மொத்தச் சபையும் கோர்ட்டில் இருந்தது. ராஸ்கோகூட வந்து கடைசி வரிசையில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். உள்ளே போகுமுன் வராந்தாவில் அரசு வக்கீல் குவார்ல்ஸ் அத்தையிடம் வந்தார். முன்பு அத்தைக்குக் கீழே வேலை பார்த்தவர்.

"மேடம், கேஸை வாபஸ் வாங்கிடுறோம். அக்டோபர்ல அனுமதி வாங்கி, அணைக்கு அந்தப் பக்கம் படகுத்துறையில நடத்திக்கட்டும். நல்ல பேரம்தானே?"

"பழைய கார்லெட்டாவா இருந்தா இந்நேரம் கை குடுத்திருப்பேன்" என்றார் அத்தை. "அக்டோபர் வரைக்கும் எங்கப்பா மனசு மாறாதுன்னு நீ உத்தரவாதம் குடுப்பியா?"

"அவரை எனக்குத் தெரியாதே மேடம்."

"எனக்குத் தெரியும். வா உள்ள."

பேச்சு இவ்வளவு கெத்தாக இருந்ததா, அடுத்து நடந்ததைக் கேளுங்கள். ஜூரி உட்காரும் பெட்டிக்குப் பக்கத்து மேஜை அரசு வக்கீலுக்கு உரியது. அத்தை நேராகப் போய் அந்த மேஜையில் பையை வைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்த இடம், கால் தானாகப் போய்விட்டது. குவார்ல்ஸ் பின்னால் வந்து நின்றார். பழைய மேலதிகாரியை எழுந்திருங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, போய் பாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜட்ஜ் அபர்நாத்தி அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஆஜராகிறவங்க பேரைச் சொல்லுங்க."

அத்தை எழுந்தார். "அமெரிக்க அரசு சார்பா கார்லெட்டா ஹேர்ஸ்டன், யுவர் ஆனர்."

ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். பாஸ்டர் டில்லார்ட் மெதுவாகக் கையைத் தூக்கினார். "யுவர் ஆனர், அப்போ எனக்கு யாரு?"

கடைசி வரிசையிலிருந்து ராஸ்கோவின் குரல் வந்தது. "சட்டம் படிக்க வச்சேன். எந்த நாற்காலியில உக்காரணும்னு சொல்லிக் குடுக்க மறந்துட்டேன்."

ஜட்ஜம்மாவே வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை பையைத் தூக்கிக்கொண்டு, காதுவரை சிவந்துபோய், அடுத்த மேஜைக்கு நடந்தார். அன்றிலிருந்து சபைப் பிள்ளைகளுக்கு அவர் 'அமெரிக்கா அத்தை'. பெயர் வைத்தது யார் என்று விசாரிக்கத் தேவையில்லை.

ஆனால் உட்கார்ந்த பிறகு அவர் வேறு ஆள். காவலர் டோபியைக் கூண்டில் நிறுத்தினார். டோபி நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாது.

"மிஸ்டர் ஏக்கர்ஸ், அதே மூலையில அன்னிக்கு வேற யாராவது இருந்தாங்களா?"

"ஒரு குடும்பம் இருந்துச்சு மேடம். நாப்பது பேர் இருக்கும். கறி சுட்டுக்கிட்டு, தண்ணியில ஆட்டம் போட்டாங்க."

"அவங்களுக்கு டிக்கெட் குடுத்தீங்களா?"

"இல்லைங்க. அவங்க சும்மா குளிச்சாங்க."

"பாஸ்டர் எத்தனை பேரோட தண்ணியில இருந்தார்?"

"ரெண்டு பேர். கரையில ஒரு இருபது பேர்."

"அவங்க குளிக்கல, விழா நடத்துறாங்கன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?"

"வெள்ளை அங்கி போட்டிருந்தாங்க. பாடினாங்க."

"அங்கி இல்லாம, பாடாம, அதே தண்ணியில அதே மாதிரி ஒருத்தரை முக்கி எடுத்திருந்தா?"

டோபி நிஜமாகவே யோசித்தார். "விளையாடுறாங்கன்னு விட்டிருப்பேன்."

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்." முன்வரிசையில் மோசெல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

குவார்ல்ஸ் கேட்க எதுவும் இல்லை என்றார். ஜட்ஜம்மா இழுக்கவில்லை. "விளையாட்டுக்கு முக்கினா குளியல், சாமிக்கு முக்கினா குத்தம்னு சொல்ல அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பாஸ்டர் குற்றவாளி இல்லை. ஏரி எல்லாருக்கும் பொது."

அல்லேலூயா கூரையைத் தொட்டது. ராஸ்கோ கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். "அழறார் பாரு, என் மனுஷன் அழறார்!" என்று மோசெல் எல்லாருக்கும் காட்டினார். நாங்களும் நம்பினோம்.

ஞாயிறு வந்தது. டீக்கன் கிரேவ்லி நீளக் கழியால் ஆழம் பார்த்துக்கொண்டு முதலில் இறங்கினார். வெள்ளை அங்கியில் ஆறு பேர் ஒவ்வொருவராக இறங்கி, முழுகி, நடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். முதல் ஆளாக இறங்குகிறேன் என்றவர் ட்ரக்கை விட்டு இறங்கவே இல்லை. அங்கி போட்டிருந்தார், கதவைப் பூட்டியிருந்தார், கண்ணாடி மட்டும் திறந்திருந்தது. துண்டுகள் ட்ரக்கின் பின்பக்கம் இருந்ததால் எங்களில் சிலர் எடுக்கப் போனோம். துண்டு எடுக்க அவ்வளவு நேரம் ஆகாதுதான்.

கார்லெட்டா அத்தை வந்து ஜன்னலோரம் நின்றார். "அப்பா, ஏரியிலதான் எறங்குவேன்னு எப்ப சொன்னீங்க?"

"ஜூன்ல."

"காவலர் டிக்கெட் குடுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

ராஸ்கோ ரேடியோவின் குமிழைத் திருகினார்.

"சாட்சி பதில் சொல்லணும்."

"பின்னாடி" என்றார் ராஸ்கோ, ஸ்டியரிங்கைப் பார்த்தபடி. "ஏரியத்தான் மூடிட்டாங்களே, இனி நிம்மதின்னு நெனச்சுச் சொல்லிட்டேன்."

"நான் கேஸ் நடத்துறது தெரிஞ்சுமா?"

"நீ கவர்மெண்டு பக்கம் இருந்தப்ப ஜெயிச்ச. இப்பதான் கட்சி மாறிட்டியே, தோத்துடுவேன்னு நம்பினேன்." பிறகு குரல் இறங்கியது. "மவளே, எனக்குத் தண்ணின்னா பயம். சின்ன வயசுல ஓடையில தள்ளிவிட்டுட்டானுங்க. தலைக்கு மேல தண்ணி போனா இன்னிக்கும் மூச்சு நின்னுடுது. மொகம்கூட ஈரத்துணியில துடைக்கிறதுதான்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா சபைக்கே தெரியுமே."

அத்தை ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தார். எத்தனையோ பேரின் பொய்யைக் கூண்டில் வைத்து உரித்தவர். "சரிப்பா. முட்டி வலின்னு அம்மாகிட்ட சொல்லிடுறேன்."

ராஸ்கோ திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்லுவியா? நீயா?"

"உங்களுக்காகச் சொல்லுவேன். ஒரு தடவை."

ராஸ்கோ கண்ணாடி வழியாக ஏரியைப் பார்த்தார். மோசெல் முட்டியளவுத் தண்ணீரில், துண்டை நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, ட்ரக்கையே பார்த்தபடி நின்றிருந்தார். அந்தத் துண்டை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

கதவுப் பூட்டு திறந்தது. "நீயும் வா. கைய விட்ட, உன்மேல கேஸ் போடுவேன்."

அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒருபக்கம் அவர், ஒருபக்கம் பாஸ்டர். இடுப்பளவு போனதும் ராஸ்கோ மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். பாஸ்டர் பிதா, குமாரன் என்று சொல்லிச் சாய்த்தபோது, கிழவர் இருவரையும் கட்டிப்பிடித்த பிடியில் மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள். ஏரியின்மேல் பாஸ்டரின் மூக்குக்கண்ணாடி மட்டும் ஒரு கணம் மிதந்தது. பாடகர் குழு பாட்டை விட்டுவிட்டது.

முதலில் வெளியே வந்தது ராஸ்கோதான். இருமினார், துப்பினார், தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மோசெல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து துண்டை அவர்மேல் போர்த்தினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் ராஸ்கோ.

"இவ்வளவுதான்யா."

"இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

மோசெல் துண்டின் முனையை எடுத்து, அவர் காதுக்குள் இருந்த தண்ணீரை அழுத்தித் துடைத்தார்.