அறுபது பக்கங்களும் ஒரே கோப்பும்

புரோகிராம் எழுதுகிறவன் சோம்பேறியாகவே இருந்து தொலையலாம் என்று இன்று தோன்றியது.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் வெப்சைட்டை நானும் தனமும் பார்த்துக்கொள்கிறோம். கன்டெய்னர் எண் சரியா என்று பார்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன் என்ற சின்ன நிரல், அறுபது பக்கங்களிலும் தனித்தனியாக ஒட்டியிருக்கும்.

அதில் ஒரு வரி மாறினாலும் தனம் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மாற்றி, நோட்டில் டிக் அடிப்பாள். இரண்டு நாள் ஆகும். ஒரு பக்கத்தைக்கூட விட்டதில்லை.

அவளுக்குச் சிரமம் குறையட்டும் என்றுதான் அந்த ஃபங்ஷனைத் தனியாக ஒரே கோப்பில் வைத்து, எல்லாப் பக்கங்களையும் அதனுடன் இணைத்தேன். இனி ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

இன்று காலை பெருமையாக முதலாளிக்குக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. அப்போ அந்தப் பொண்ணு இன்னாத்துக்குப்பா?"

தனம் பக்கத்து மேசையில்தான் இருந்தாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அவளுடைய நோட்டை என் மேசையில் வைத்தாள்.

"சைட்டுல மணலி பேஜ்லயும் எண்ணூர் பேஜ்லயும் நீ பழைய ஃபங்ஷன எடுக்காம வுட்டுட்டண்ணா. நானே எடுத்துட்டேன். திங்கக்கெழமலேர்ந்து என்னிய வர வேணாம்னுட்டாரு."

 

நண்பர்களே, உங்களில் யாருடைய ஆபீஸிலாவது இன்னும் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறீர்களா? இங்கே சொல்லுங்கள், அருமையான ஆள் ஒருத்தி இருக்கிறாள். ஒரே கோப்பில் வைக்கலாம் என்பதை மட்டும் உங்கள் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.