எட்டு எழுத்துப் பொருத்தம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. கையுறைக்காரி என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அங்கே உதவியாளர் வேலை, ஆர்.என்.ஏ.வோடு மல்லுக்கட்டுவதுதான் பிழைப்பு. அது லேசில் அழிந்துபோகிற சரக்கு. மனிதத் தோலில் இருக்கும் நொதி பட்டாலே துண்டுதுண்டாகிவிடும். அதனால் குழாயைத் திறக்கும் முன் ஒரு ஜோடி கையுறை, கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டால் இன்னொரு ஜோடி. புதிதாகச் சேர்ந்தவர்கள் வெறுங்கையோடு அவள் மேசைப் பக்கம் வந்தால், "கையை ஜேப்புல வச்சுக்கிட்டுப் பேசுங்க" என்பாள். சிரிக்காமல் சொல்வாள். கேட்டவர்கள்தான் சிரிப்பார்கள்.

கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அப்பாவின் சாவைக் கூட இருந்து பார்த்தவள் அவள். நாற்பத்தைந்து வயதில் அவருக்குப் பாதம் மரத்தது, பிறகு கை, கடைசியில் இதயம். பரம்பரை நோய், பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டாள். தங்கையான இவள் நம்பினாள். ஆனால் தனக்கு இருக்கிறதா என்று ரத்தம் கொடுத்துப் பார்க்கும் துணிச்சல் மட்டும் அவளுக்கு வரவில்லை.

அக்காவுக்கு இருந்தது. துணி ஆல்டரேஷன் கடை வைத்திருந்தாள். ஒரு நாள் வெள்ளைச் சட்டையின் கையை வெட்டும்போது தன் விரலையும் சேர்த்து வெட்டிவிட்டாள். வலிக்கவே இல்லை. சட்டையில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்த நோய்க்கான மருந்தைத்தான் கையுறைக்காரியின் கூடத்தில் அப்போது சோதித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் சமையலறையில் உட்கார்ந்து அவள் விளக்கினாள்.

"ஈரல் ஒரு புரதம் செய்யுது. அப்பா வழியா உனக்கு வந்த மரபணுவுல ஒரு எழுத்துப் பிழை. அதனால அந்தப் புரதம் முறுக்கிக்கிட்டு நரம்புல போய்ப் படியுது."

"பிழையைத் திருத்திட வேண்டியதுதானே?"

"மூலத்துல கை வைக்கலக்கா. அதுல இருந்து ஆர்.என்.ஏ.ன்னு ஒரு நகல் வெளியே வரும். அந்த நகலைப் படிச்சுத்தான் ஈரல் புரதம் செய்யும். நாங்க இருபத்தோரு எழுத்துல சின்னதா ஒரு ஆர்.என்.ஏ. துண்டு செய்றோம். உடம்புல இருக்கிற ஒரு புரதம் அதைக் கையில பிடிச்சுக்கிட்டு, எழுத்துக்கு எழுத்துப் பொருந்துற நகலைத் தேடும். கிடைச்சா ஒட்டிக்கும், வெட்டிடும். நகல் போச்சுன்னா புரதமும் இல்ல."

அக்கா யோசித்தாள். "அப்போ வாயை அடைக்கிற மருந்துன்னு சொல்லு. உங்க அத்தானுக்கும் ஒரு ஊசி கிடைக்குமா?"

பக்கத்து அறையிலிருந்து அத்தான், "எனக்குக் காது நல்லாவே கேக்குது" என்றார். மூவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

சோதனைக்கு ஆள் சேர்த்தபோது அக்காவும் சேர்ந்தாள். பட்டியலில் உறவுக்காரர் இருந்தால் கூடத்தில் வேலை செய்பவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். கையுறைக்காரி கொடுக்கவில்லை. கொடுத்தால் அக்காவின் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

ஊசி போடுவதற்கு மூன்று வாரம் முன்னால், தட்டில் வளர்த்த மனித ஈரல் செல்களில் அவள் மருந்தைப் போட்டு அளந்தாள். கெட்ட மரபணுவின் நகல் பத்தில் ஒன்பது பங்கு காணாமல் போயிருந்தது. நல்ல சேதி. ஆனால் சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவின் நகலும் பாதியாகக் குறைந்திருந்தது. பித்தநீரை ஈரலிலிருந்து வெளியே தள்ள உதவும் மரபணு அது. கணினியில் வைத்துப் பார்த்தாள். அதன் வால் பகுதியில் வரிசையாக எட்டு எழுத்து, துண்டின் முன்பகுதியோடு அச்சு மாறாமல் பொருந்தியது. வெட்ட முழுப் பொருத்தம் வேண்டும். அடக்கி வைக்க எட்டே போதும்.

பேராசிரியரிடம் தாளை நீட்டினாள்.

"எலிக்கு ஒண்ணும் ஆகலயேம்மா," என்றார் அவர்.

"எலியோட மரபணுவுல அந்த எட்டு எழுத்து இல்ல சார்."

"தட்டுல இருக்கிற செல் வேற, மனுஷன் வேற. நாம இங்க நிறைய டோஸ் போடுறோம். இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும்னா ஆறு மாசம் தள்ளிப்போகும். தள்ளணுமா, சொல்லு."

அக்காவுக்குக் காலும் மரத்துக்கொண்டே வந்தது; ஆறு மாதத்தில் அவளால் நடக்க முடியாது. அது அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"வேண்டாம் சார்," என்றாள்.

முதல் ஊசிகளுக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தவர்கள் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். ஐந்தாம் மாதம் அக்கா போன் செய்து, "ஏய், தையல் ஊசி குத்துச்சுடி! வலிச்சுது!" என்று கத்தினாள். கடையைத் திறந்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு தானே நூல் கோத்தாள். வலித்ததற்காகச் சந்தோஷப்பட்ட மனுஷியை ஊரெல்லாம் தேடினாலும் பார்த்திருக்க முடியாது.

எட்டாம் மாதம் அக்காவின் கண்வெள்ளை மஞ்சளானது. உடம்பெல்லாம் அரிப்பு. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தாள். கடைசி இரண்டு நாள் தங்கை யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை; யாரோ நர்ஸ் என்று நினைத்து, "ரொம்ப நன்றிம்மா" என்றாள். பன்னிரண்டாம் நாள் காலையில் போய்விட்டாள். ஈரல் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கலாம் என்று டாக்டர் எழுதினார்.

கையுறைக்காரி ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தானிடம் போய் நின்றாள். ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க அவர் சம்மதம் வேண்டும்.

"அவ உடம்புல இருந்து இன்னும் உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். குரல் உயரவில்லை.

"நான் முன்னாடியே ஒண்ணு பாத்தேன் அத்தான். அப்ப வாயை மூடிக்கிட்டேன். அதுதானான்னு தெரியணும்."

அவர் சம்மதத் தாளை வாங்கினார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அவர் அவளோடு பேசவில்லை.

மறுநாள் அந்தத் துணுக்கு ஐஸில் வந்தது. அரிசிமணி அளவுதான். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கையுறை மாட்டினாள். அரைத்தாள், கலக்கினாள், குழாயைச் சுழலவிட்டாள். கண்ணீர் விழுந்தாலும் ஆர்.என்.ஏ. கெட்டுவிடும் என்பதால் இரண்டு முறை எழுந்து வெளியே போய் அழுதுவிட்டு, முகம் துடைத்து, புதுக் கையுறையோடு திரும்பினாள். சாயங்காலம் கருவி கணக்குச் சொன்னது: பித்தநீர் மரபணுவின் நகல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

பேராசிரியரிடம் அந்த எண்களைக் கொடுத்து, இறந்தது தன் அக்கா என்பதையும் சொன்னாள். அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இதைக் கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பினா, நீ முதல்லயே பாத்ததும் வெளிய வரும். உங்க அக்கான்னு மறைச்சதும் வரும்."

"அதையும் எழுதிட்டேன் சார். நீங்க சொன்னதும் இருக்கு. நான் வேண்டாம்னு சொன்னதும் இருக்கு."

பத்து நாளில் சோதனையை நிறுத்தினார்கள். இன்னும் இரண்டு பேருக்கு ஈரல் கெடத் தொடங்கியிருந்தது. ஊசியை விட்டதும் மெல்லத் தேறினார்கள். பேராசிரியர் பதவியை விட்டார். அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஒரு மதியம் அவள் மாடி வீட்டுக் கதவைத் தட்டி ஒருவர் வந்தார். ஊன்றுகோல், தடித்த உடம்பு. பஸ் டிரைவராக இருந்தவர். அக்காவோடு ஒரே வரிசையில் ஊசி போட்டுக்கொண்டவர்.

"நீங்கதான் நிறுத்துனீங்களாமே?"

"ஆமா."

"எனக்கு ஈரல் நல்லாத்தான் இருந்துச்சு. கால் திரும்பி வந்துச்சு. பிரேக்கை மிதிச்சா மிதிச்சது தெரிஞ்சுது. இப்ப மறுபடியும் மரக்குது."

அவள் உள்ளே வரச் சொன்னாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"எழுத்தை மாத்தி வேற துண்டு செய்றாங்க," என்றாள். "தப்பான இடத்துல ஒட்டாத மாதிரி."

"எப்ப வரும்?"

"நாலஞ்சு வருஷம் ஆகும்."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். "உங்க அக்கா ஊசி போட்டுக்க வரும்போதெல்லாம் ஜோக் அடிப்பாங்க," என்றார். "நல்ல மனுஷி. நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல வரல. ஆனா என்னால உங்களை மன்னிக்க முடியல. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவர் மாடிப்படி இறங்கும்போது அவள் கை கொடுக்கப் போனாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியிலும் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து இறங்கினார். தெருவில் அவர் மறையும்வரை அவள் மேலேயே நின்றாள்.