வாசப்படியிலேயே நின்னேன்

என் ஒரு வயசுப் பாப்பாவுக்கு மூணு நாளா கடும் காய்ச்சல். காலையில விட்டுடுச்சு, நிம்மதியா ஷூ கம்பெனிக்குக் கிளம்பிட்டேன்.

சாயங்காலம் ஆம்பூர்லேர்ந்து திரும்புனா, வாசல்ல வேப்பிலை.

"நெஞ்சு முதுகெல்லாம் செவப்பா இருக்கு, அம்மை போட்டிருக்கு. கம்பெனித் தோல் வாசனையோட உள்ள வராத"ன்னாரு வீட்டுக்காரரு.

அவரு தோள்லேர்ந்து பாப்பா என்கிட்ட கைய நீட்டுறா.

படியில நின்னே அந்தச் செவப்பைப் போட்டோ எடுத்து, டாக்டருக்கு அனுப்பிப் பேசினேன்.

"காய்ச்சல் விட்டப்புறம்தானே வந்துச்சு? விளையாடுறாளா? அப்போ அம்மை இல்ல, ரோசியோலாங்கிற வைரஸ் காய்ச்சல்தான், தானா மறைஞ்சிடும். பால், தண்ணி நிறைய குடுங்க. திரும்ப காய்ச்சல் வந்தா, சோர்ந்துபோனா கூட்டிட்டு வாங்க. தாராளமா தூக்கலாம்"னாரு.

கை கழுவிட்டு ஓடி வந்தேன்.

அப்பா தோள்லயே தூங்கிட்டா.

எழுப்புனா தப்பா? புள்ள பெத்தவங்க மட்டும் சொல்லுங்க.