சீலை அலுமாரிக்கு முன்னால் ஒரு கிற்றார் பதிவு

பேய், ஆவி, முனி என்று எதையும் நான் நம்பியவன் இல்லை. இன்றைக்கு நம்புகிறேனா என்று கேட்டால் சட்டென்று பதில் வராது, அது வேறு விஷயம். மட்டக்களப்பான் ஒருவன் விசித்திரமான சத்தம் கேட்டது என்று வாயைத் திறந்தாலே, வாவியில் மீன் பாடின கதைதானே என்று ஆட்கள் சிரிப்பார்கள். இதில் மீனும் இல்லை, வாவியும் இல்லை. கல்லடியில் எங்கள் வீட்டின் பின்னறையில், பட்டப்பகலில், விசிறியை நிறுத்திவிட்டு நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தபோது நடந்தது. நீங்கள் நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை, இடையில் எழும்பிப் போகாமல் கேட்டால் போதும்.

எங்கள் வீடு என்றேன், உண்மையில் அது என் மனைவி வதனியின் வீடு. எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேருவான். நான் வரும்போது ஒரு உடுப்புப் பெட்டியும் ஒரு கிற்றாரும் கொண்டு வந்தேன். வார நாட்களில் சீமெந்தும் ஆணியும் விற்கிற கடையில் வேலை, சனி ஞாயிறுகளில் கல்யாண வீடுகளில் வாசிப்பு. நானாகப் போட்ட மெட்டுகளும் கொஞ்சம் இருந்தன. அதில் ஒன்று வதனிக்காகப் போட்டது, பாட்டு இல்லை, வெறும் கிற்றார். சமைக்கும்போது அதைப் போனில் போட்டுக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. போனிலேயே பதிந்து பார்த்தோம், தகரப் பேணிக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. அப்படித்தான் வீட்டிலேயே ஒரு ஸ்டூடியோ போடுவோம் என்ற எண்ணம் வந்தது.

ஸ்டூடியோ என்றதும் கண்ணாடிச் சுவரெல்லாம் கற்பனை செய்துவிடாதீர்கள். மைக்கையும் கணினியையும் இணைக்கிற சின்னப் பெட்டி ஒன்றைக் கட்டாரில் இருந்து திரும்பி வந்த காத்தான்குடிக்காரர் ஒருவரிடம் இருந்து செக்கன்ட் ஹாண்டாக வாங்கினோம். லப்டொப் பழையது, மைக் மலிவானது, எரிந்துபோன விசிறி ஒன்றின் தண்டுதான் மைக் ஸ்டாண்ட். அந்தப் பெட்டியில் மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பொத்தான் ஒன்று உண்டு, அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் பேய் மின்சாரம் என்று வரும். இதை வதனியிடம் சொன்னேன்.

"காசு குடுத்துப் பேய வாங்கி வந்த ஒரே ஆள் நீங்கதான்," என்று அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள்.

மைக்கைக் கிற்றாரின் துளைக்கு நேரே வைத்தால் அண்டாவுக்குள் இடிக்கிற மாதிரிக் குமுறும், கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வைத்தால் சரியாக வரும், இதெல்லாம் வைத்துப் பார்த்துப் பழகியதுதான். பழக முடியாமல் போனது அறை. சீமெந்துச் சுவர், வெறும் தரை, ஒரு தந்தியைத் தொட்டால் நாலு பக்கமும் திருப்பிச் சொல்லும். முட்டைத் தட்டை ஒட்டினால் எதிரொலி போகும் என்று யாரோ ஒரு மேதாவி சொன்னதைக் கேட்டு ஒட்டினோம். நாற்றம் வந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தந்தியை மீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வதனி கோயிலுக்கு உடுத்துவதற்குச் சீலை எடுக்க வந்து அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்தாள். அறை அப்படியே அமைதியாகிவிட்டது. அவ்வளவு துணியும் எதிரொலியைக் குடித்துவிட்டது.

"கதவ மூடாத!" என்று கத்தினேன்.

"ஏன், பாம்பு கீம்பு இரிக்கா?" என்று பாய்ந்து விலகினாள்.

விஷயத்தைச் சொல்லி, ஹெட்போனை அவள் காதில் வைத்து, கதவை மூடியும் திறந்தும் காட்டினேன். கேட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்ப ஒங்கட ஸ்டூடியோ என்ட சீலைக்குள்ளதான் இரிக்கு. இனிச் சீலை கேட்டா முகத்தச் சுளிக்கப்படாது, சரியா?"

ஆனாலும் அந்த மெட்டை நாங்கள் ஒழுங்காகப் பதியவே இல்லை. அதற்குள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், திரும்பக் கொண்டு வந்தது அவளை இல்லை. இதை இதற்கு மேல் விரித்துச் சொல்ல எனக்கு ஏலாது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வதனியின் அக்கா, எனக்கு மச்சாள், பக்கத்து வளவில்தான் இருக்கிறா. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததில் இருந்து உடுப்புகளைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

"செத்த ஆள்ர உடுப்ப வச்சிருக்கப்படாது மச்சான். அவளுக்கும் போக ஏலாம இரிக்கும், ஒங்களுக்கும் ஏலாம இரிக்கும்."

"பதிவுக்கு வேணும் மச்சாள். சத்தம் அடிக்காம இரிக்கிறதுக்கு," என்றேன்.

"சத்தத்துக்கு ஒரு மெத்தைய வாங்கிச் சுவர்ல சாத்துங்க," என்று சொல்லிவிட்டு அவவும் அழுதா, நானும் அழுதேன்.

சத்தமாவது மண்ணாவது. அந்தச் சீலைகளில் அவள் வாசம் இருந்தது, அதுவும் போனால் வதனி என்று சொல்ல அந்த வீட்டில் எதுவும் மிஞ்சாது, அதுதான் உண்மை. ஆனால் மச்சாள் சொன்னதும் என்னை அரித்தது. என்னால்தான் அவள் போக முடியாமல் நிற்கிறாளோ என்று, பேயை நம்பாத நான் யோசித்தேன் பாருங்கள். சரி, ஞாயிறு பின்னேரம் வந்து எடுங்க என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஞாயிறு மத்தியானம், சீலைகள் போவதற்கு முன்னால் அந்த மெட்டை ஒரு தடவையாவது பதிந்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மச்சாளும் பிள்ளைகளும் தேற்றாத்தீவில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். முன்கதவைப் பூட்டினேன், யன்னலைச் சாத்தினேன், விசிறியை நிறுத்தினேன், அலுமாரியின் இரண்டு கதவையும் திறந்து வைத்துவிட்டு, அவளுடைய சீலைகளைப் பார்த்தபடி வாசித்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரு பிசகு இல்லை. எத்தனையோ தரம் இடறின இடத்தில் கூட விரல் தானாகப் போய் விழுந்தது. கடைசித் தந்தியின் அதிர்வு அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அடங்கினதும் வாய் தன்பாட்டில் கூப்பிட்டுவிட்டது.

"வதனி, இஞ்ச வந்து கேளு."

ஒவ்வொரு பதிவு முடிந்ததும் அப்படித்தான் கூப்பிடுவேன், அவள் குசினியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவாள். கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே உறைந்து போய் இருந்தேன், பிறகு பதிவை நிறுத்தினேன். அந்த நேரம் என் காதில் ஒன்றும் விழவில்லை, இதைச் சத்தியம் பண்ணிச் சொல்கிறேன்.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து பதிவைப் போட்டுக் கேட்டேன். மெட்டு முழுதாக இருந்தது. பிறகு என் குரல், "வதனி, இஞ்ச வந்து கேளு." பிறகு கொஞ்ச நேரம் வெறுமை. அதற்குப் பிறகு, மைக்குக்குப் பக்கத்தில் இல்லை, அலுமாரிப் பக்கமாக, மெதுவாக, அவள் குரல்.

"வாறன்."

அவ்வளவுதான், பதிவு முடிந்துவிடுகிறது. எழும்பிப் போய்ச் சீலைகளை விலக்கிப் பார்த்தேன், குசினிக்கு ஓடினேன், யன்னலைத் திறந்து ஒழுங்கையைப் பார்த்தேன். ஒரு நாய் கூட இல்லை. திரும்ப வந்து கேட்டேன், திரும்பவும் கேட்டேன். வியர்வை குளிர்ந்துவிட்டது. பயமா என்று கேட்பீர்கள். பயம் இல்லை, அழுகைதான்.

பின்னேரம் மச்சாள் விசேஷத்துக்கு உடுத்த சீலையோடேயே பைகளை எடுத்துக்கொண்டு வந்தா. ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டா. கழற்றி மேசையில் வைத்தா.

"அது நான்தான். எங்கட ரெண்டு பேர்ர குரலும் ஒண்டுதானே. நான் அங்கால இருந்து கதைச்சது விழுந்திருக்கும்."

"நீங்க தேற்றாத்தீவுலதானே நிண்டீங்க?"

மச்சாள் கட்டிலில் உட்கார்ந்து அலுமாரியையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு வெறும் பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனா. அதற்குப் பிறகு சீலைப் பேச்சே எடுப்பதில்லை. இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் வீட்டில் இருந்து போகும்போது இப்போது அவ எதுவும் சொல்வதில்லை, பேசாமல் இறங்கிப் போய்விடுவா.

உங்களுக்கும் தெரியும்தானே, நாங்கள் ஒருவரும் போகும்போது போகிறேன் என்று சொல்வதில்லை. கூப்பிட்ட குரலுக்கு வருகிறவளும் வாறன் என்பாள், வீட்டை விட்டு இறங்குகிறவளும் வாறன் என்பாள். வதனி குசினியில் இருந்து வருவதென்றால் வாறன் என்பதோடு சரி. எங்கேயும் கிளம்பிப் போவதென்றால் வாசலில் நின்று இன்னொரு சொல்லும் சேர்ப்பாள், சரிதானே என்று கேட்கிற மாதிரி "வாறன் என்ன" என்று, நான் தலையாட்டும்வரை படி இறங்கமாட்டாள். ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றிய அன்றைக்கு நினைவு இல்லாமல் கிடந்தாள். அன்றைக்கு அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சொல்லாமல் போனதைத்தான் இப்போது சொன்னாளா, இல்லை நான் கூப்பிட்டதற்கு வருகிறேன் என்றாளா? பதிவின் கடைசி நுனியை லப்டொப்பில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சத்தத்தின் கோடு கீழே இறங்கி முடியவில்லை, பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த இடத்தில்தான் நான் நிறுத்தியிருக்கிறேன். அதற்கு அங்கால "என்ன" என்று ஒரு சொல் இருந்ததா இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

இப்போதும் ஞாயிறு மத்தியானங்களில் அலுமாரியைத் திறந்து வைத்து வாசிக்கிறேன். வாசித்து முடித்த பிறகும் பதிவை உடனே நிறுத்துவதில்லை, ஓடவிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன். அவள் பேரைச் சொல்ல வாய் உன்னும். சொல்லமாட்டேன். கூப்பிட்டால், விட்டுப்போன அந்தச் சொல்லையும் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.