தாய்மார் ஓட்டப் பந்தயம்

என் அப்பாவுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். ஆடத் தெரியாது, பார்க்க மட்டும்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் அப்போது குடியிருந்தோம். அப்பா ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணி. சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட கை காய்வதற்குள் திடலுக்குக் கிளம்பிவிடுவார். அங்கே நின்று யார் யாருக்கோ தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புவார். அதன் பிறகு எங்களோடு பேச அவரிடம் குரல் மிச்சமிருக்காது. ஆட்டக்காரர்களில் யாருக்கு எந்த முழங்காலில் வலி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அம்மாவுக்குக் காய்ச்சல் என்பதைத் தட்டில் சோற்றுக்குப் பதில் கஞ்சி வந்த அன்றுதான் கவனித்தார்.

அப்பா போனதும் அம்மா கதவைச் சாத்திவிடுவாள். கல்யாணமான கையோடு தன் ஊரைவிட்டு இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்தவள். எங்கள் வரிசையில் மற்ற வீடுகளில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். அவர்கள் பேச்சு அம்மாவுக்குப் பாதி புரியாது. இவள் பேச்சைக் கேட்டு அவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டார்கள். அன்றோடு சரி. குழாயடிக்குக்கூட எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகுதான் குடத்தை எடுப்பாள். அவள் போகாத இடத்துக்கு நானும் போக முடியாது. தெருப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் மட்டும் எங்கள் வீட்டுக்குள் வரும்.

அதனால் நாங்கள் இருவரும் பின்கட்டில் கரியால் கட்டம் கிழித்துப் பாண்டி ஆடுவோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா நொண்டியடிப்பாள். எனக்கு ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. என் கால் கோட்டில் பட்டுவிட்டால் "போச்சு, போச்சு!" என்று குதிப்பாள். நான் அழுதாலும் இரக்கம் காட்ட மாட்டாள். அப்பா வரும் நேரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டத்தைக் கழுவிவிடுவாள். எனக்குப் பொழுதுபோக வேண்டுமே என்று பாவம் கஷ்டப்பட்டு ஆடுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு எட்டு வயதானபோது ரயில்வே விளையாட்டு விழாவுக்கு அப்பா எங்களையும் அழைத்துப்போனார். பாசம் பொங்கி வழிந்து அல்ல. அன்று அவர் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு ரிப்பன் கொடுத்திருந்தார்கள். பந்தயம் முடிகிற இடத்தில் வெள்ளை நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம். அதைப் பார்க்க வீட்டு மனிதர்கள் வேண்டாமா?

துரைமார்களுக்குக் கூடாரம், நாற்காலி. நாங்கள் தள்ளி ஒரு மரத்தடியில் தனியாக நின்றோம். சாக்குப் பந்தயம், கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவது, கயிறு இழுப்பது என்று ஒவ்வொன்றாக நடந்தது. யாராவது பின்தங்கினால் அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் முழங்கை வரை சிவந்திருந்தது.

கடைசியில் தாய்மார் ஓட்டப் பந்தயம். வரிசைக்கு ஆள் போதவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் நல்ல கனமான உடம்புக்காரர். மூச்சு வாங்கிக்கொண்டு மரத்தடிக்கே வந்துவிட்டார்.

"பிள்ளை, நீரும் வாருமன். சும்மா வந்து நிண்டாலே போதும்."

"ஐயய்யோ, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவள் கை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தது.

விசில் ஊதினார்கள். மற்றவர்கள் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டு, பாதி நடையும் பாதி ஓட்டமுமாக வந்தார்கள். அம்மா ஒருத்திதான் ஓடினாள். அப்படியும் ஒருவரால் ஓட முடியும் என்று நான் அதுவரை பார்த்ததில்லை. எதிரே அப்பா நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமை தவறாமல் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கத்துகிறவர் அன்று நாடா தொய்யாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நாடாவைத் தொட்டதும் நிற்க வேண்டும். முந்தைய பந்தயங்களில் எல்லோரும் நின்றதை அவளும் பார்த்தவள்தான். நிற்கவில்லை. அப்பாவின் கையிலிருந்த நாடாவையும் பிடுங்கி இழுத்துக்கொண்டு, திடலின் அந்தக் கோடி வரை, தண்டவாளத்து வேலி வரை ஓடினாள். திடலே சிரித்தது. கூடாரத்துத் துரைசானிகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

எனக்கு மானம் போயிற்று. பின்னாலேயே ஓடினேன். வேலியைப் பிடித்துக் குனிந்திருந்த அம்மாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்து முகத்தைத் திருப்பிப் பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"இந்த வேலி இல்லேன்னா இன்னும் ஓடியிருப்பேன்டி" என்றாள்.

எனக்கு அது வேறு யாரோ மாதிரி இருந்தது. நான்தான் அழுதேன்.

முதல் பரிசாகப் பீங்கான் பூச்சுப் பூசிய ஒரு மங்குத் தட்டு கொடுத்தார்கள். வழியெல்லாம் அப்பா எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வீட்டுக்கு வந்து ரிப்பனைக் கழற்றும்போது, "உனக்கு நிக்கத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டார். அம்மா அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். கூட இன்னும் இரண்டு பெண்கள். சனிக்கிழமை பின்னேரம் திடல் ஓரத்தில் பெண்கள் மட்டும் சேர்ந்து பந்து எறிந்து விளையாடப்போகிறார்களாம். "உம்மட ஓட்டத்தைப் பார்த்த நேரம் தொட்டு எல்லாரும் உம்மைத்தான் கேக்கினம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா பத்திரிகையில் பந்தாட்டச் செய்தி படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியிருக்கலாம். நிமிர்த்தவில்லை.

"வீட்டுல வேலை இருக்குங்க" என்றாள் அம்மா.

அவர்கள் பிறகு கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அப்பா வழக்கம்போல் கிளம்பிப் போனார். திடல் பக்கமிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது. அம்மா சாத்திய கதவுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து கதவை அகலத் திறந்து, "நீயாச்சும் போய் விளையாடு, போ" என்று என் முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

நான் கூண்டு திறந்த கோழி மாதிரி ஓடினேன். தெருப் பிள்ளைகள் உடனே சேர்த்துக்கொண்டார்கள். விளக்கு வைக்கும் வரை ஆடினேன். அம்மா வாசலிலேயே நின்றாள். எனக்குக் காவல் நிற்கிறாள் என்று தைரியமாக இருந்தது.

அம்மா என்றால் பெரிய மனுஷி என்றுதான் எனக்குத் தெரியும். என் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகு ஒருநாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அன்று வாசலில் நின்றவளுக்கு இருபத்து மூன்று வயது. எங்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைவாகத்தான் இருந்தது. நாங்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று ஆள் கேட்டோம். எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கேட்கவில்லை.