கடன் கொடுத்தவர்கள் கூடிய வகுப்பறை

சபையின் ஆட்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர் அம்மா. இரண்டு பக்கமும் இரண்டு ஐயாமார். அவர்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. லீசிங் கொம்பனியிலிருந்து ஒரு தம்பி, கழுத்தில் அட்டையோடு. உரக்கடை முதலாளி. பக்கத்துக் காணிக்காரர். என் மனைவி. நான். பிறகு, யாரும் கூப்பிடாமல் வந்த என் மச்சான். மனைவியின் தமையன்.

இடம் பள்ளிக்கூடத்தில் தரம் இரண்டு வகுப்பு. பிணக்குகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபை ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கேதான் கூடும். கதிரைகள் ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்தவை. இருந்தால் முழங்கால் நாடிக்கு வரும். முதலாளி ஒன்றில் இருந்து பார்த்தார். கதிரை சத்தம் போட்டது. எழும்பிவிட்டார். கடன் கொடுத்தவர் நிற்க, வாங்கிய நான் இருந்தேன்.

எப்படி அங்கே போனேன் என்று சொல்ல வேண்டும். இரண்டு போகம் நெல் சரிவரவில்லை. முதல் தடவை உரம் இல்லை. அடுத்த தடவை உரம் இருந்தது, வெள்ளம் கொண்டு போனது. லான்ட் மாஸ்டர் உழவு மெசினுக்கு லீசிங் காசு கட்ட முடியவில்லை. கொம்பனி வந்து அதை ஏற்றிக்கொண்டு போய் விற்றது. விற்ற பிறகும் மிச்சம் இருக்கிறது என்று கடிதம் வந்தது. உழுகிற மெசின் போய்விட்டது. அதன் கடன் மட்டும் வீட்டில் நின்றது.

நாடே வங்குரோத்து, கடன் கட்ட ஏலாது என்று ரேடியோவில் சொன்னார்கள். நாடு சொல்லலாம் என்றால் நானும் சொல்லலாம் என்று நினைத்து, கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணியிடம் போனேன்.

"வங்குரோத்து வழக்குப் போடக் காசு இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப முதல்ல மத்தியஸ்த சபைக்குப் போங்கோ."

கடன் கொடுத்த எல்லோருடைய பெயரையும், என்னிடம் உள்ள எல்லாப் பொருளையும் எழுதிச் சபைக்குக் கொடுக்கச் சொன்னார். ஒன்றையும் ஒளிக்க வேண்டாம் என்றார். அவருடைய கட்டணத்தைக் கேட்டேன்.

"பேந்து தாங்கோ."

அவருடைய பெயரையும் எழுத வேண்டுமா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து எழுதினேன். பொருள் கெதியில் முடிந்துவிட்டது. சைக்கிள். ரீவி, வேலை செய்யாது. வாட்டர் பம்ப், வேலை செய்யும். கடன் கொடுத்தவர்களை எழுதும்போது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணையின்ர பேரை எழுதாதேங்கோ. பிறகு அந்த வீட்டு வாசலுக்கு நான் எப்பிடிப் போறது?"

எழுதவில்லை.

பம்பைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம். இனிக் கச்சான், அதுதான் நிலக்கடலை, போடுவது என்று இருந்தோம். அந்தக் காணிக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். பம்ப் போனால் கச்சான் இல்லை. கச்சான் இல்லாவிட்டால் ஒருவருக்கும் ஒரு சதமும் இல்லை. வேறு எது போனாலும் அதை விடுவதில்லை என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு போனோம்.

ரீச்சர் அம்மா நான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். போகிறவர்கள் இதற்கு ஆயத்தமாகப் போக வேண்டும். உங்கள் கடனை உங்களுக்கே வேறு ஆள் வாசித்துக் காட்டுவார். நல்ல குரல். கேட்கும்போது யாரோ பெரிய ஆளின் கடன் மாதிரி இருந்தது.

பக்கத்துக் காணிக்காரரின் பெயர் வந்ததும் அவர் எழும்பினார். அவருடைய ஆட்கள் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வெள்ளத்துக்குப் பிறகு என் வரம்புகளைக் கட்டித் தந்தவர். கூலி நான் கொடுக்கவில்லை.

"என்னங்கண்ணே, என்னையப் போய் கம்பெனிக்காரனோட சேத்து எழுதிட்டீங்க? நான் காசு கேட்டேனா?"

"ஒண்டையும் ஒளிக்க வேண்டாமெண்டு சட்டத்தரணி சொன்னவர்."

"அவருக்கு நம்மளத் தெரியுமா? சபையிலருந்து கடிதம் வந்ததும் வீட்ல பொம்பளை பயந்து போய்ட்டா. நான் எங்கயோ களவெடுத்துட்டேன்னு நெனச்சிருக்கா." சபையைப் பார்த்தார். "நம்ம காணிக்கு இவர் வந்து வேலை செஞ்சு தருவாருங்க. அதோட சரி. வெட்டிருங்கம்மா."

ரீச்சர் அம்மா வெட்டினார். ஒரு கடன் போனது. அவர் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கோபமாக இருந்தார்.

அடுத்தது முதலாளி.

"எனக்கு அவசரமில்லை ரீச்சர். அறுவடைக்குத் தந்தாச் சரி." பிறகு என் பக்கம் குனிந்தார். "விதைக் கச்சான் வந்திருக்கு. நல்ல சாமான். எடுங்கோ, கடன் கொப்பியிலை போடுறன்."

"முதலாளி, இது கடன் தீர்க்கிற இடம்" என்றேன்.

"ஓம் ஓம், தெரியும். நாங்கள் வெளியிலை கதைக்கிறம்."

கொம்பனித் தம்பி நல்ல பிள்ளை. அண்ணை என்றுதான் கூப்பிட்டார். அண்ணை என்று கூப்பிட்டே பம்பைக் கேட்டார்.

"அண்ணை, பம்பை வித்துத் தாங்கோ. மிச்சத்தை மாதம் மாதம் எடுக்கிறம். இல்லாட்டி நான் இணங்கேலாது. கோட்சுக்குத்தான் போகும்."

ரீச்சர் அம்மா எனக்கு விளக்கினார். சபை ஒருவரையும் கட்டாயப்படுத்தாது. இரண்டு பக்கமும் இணங்கினால் தீர்வு. இல்லாவிட்டால் தீரவில்லை என்று ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளோடு கொம்பனி கோட்சுக்குப் போய் வழக்குப் போடலாம்.

"என்ன சொல்லுறீங்கள்?"

நான் தாளில் வாட்டர் பம்ப் என்று எழுதியிருந்த இடத்தைப் பார்த்தேன். மனைவி என் காலை மிதித்தாள். காலை இழுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மச்சான் உள்ளே வந்தார். புதுக்குடியிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது.

"நீங்கள் ஆர்?" என்றார் ரீச்சர் அம்மா.

"இவருக்குக் கடன் குடுத்தவன்."

ரீச்சர் அம்மா தாளைப் பார்த்தார். "உங்கட பேர் இதிலை இல்லையே."

"அதைக் கேக்கத்தான் வந்தனான்."

"அண்ணை, சும்மா இருங்கோ" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. கொம்பனிக்குக் கடிதம், உரக்கடைக்குக் கடிதம். எனக்கு ஒண்டுமில்லை. என்ர காசு காசில்லையோ, மச்சான்?"

"சொந்தத்துக்குள்ளை எண்டு விட்டனான்."

"சொந்தமெண்டால் முதலாவதாய் எழுத வேணும்."

முதலாளி ஓம் என்று தலையாட்டினார்.

"எதுக்குக் குடுத்த காசு?" என்றார் ரீச்சர் அம்மா.

"பம்புக்கு. வவுனியாவிலை நான்தான் எடுத்துக் குடுத்தனான். காசும் என்ர, பில்லும் என்ர பேரிலை. இவர் இன்னும் காசு தரேல்லை. அப்ப பம்ப் ஆருக்குச் சொந்தம்?"

பேர்ஸிலிருந்து பில்லை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. ரீச்சர் அம்மா வாசித்தார். இடப்பக்கத்து ஐயாவிடம் கொடுத்தார். பிறகு வலப்பக்கத்து ஐயாவிடம். இரண்டு பேரும் பில்லைத் திருப்பியும் பார்த்தார்கள்.

"தம்பி, பம்ப் இவரின்ர பேரிலை இல்லை. வேற ஆளின்ர பொருளை வித்துத் தரச் சொல்லி நாங்கள் எழுதேலாது."

தம்பி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்று மனேஜருடன் கதைத்தார். கதைக்கக் கதைக்க ஊஞ்சலை ஆட்டினார். நாங்கள் யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வந்து, மாதம் ஐயாயிரம் கட்டினால் சரி என்றார். கச்சான் கிண்டிய பிறகு கூட்டிக் கட்ட வேண்டும். அந்தச் சின்ன மேசையில் குனிந்து கையொப்பம் வைத்தோம். நேரம் இரண்டு மணியைத் தாண்டிவிட்டது. போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகவும்.

வெளியே வந்ததும் மனைவி தமையனின் கையைப் பிடித்தாள்.

"அண்ணை, பம்பைக் காப்பாத்திப் போட்டியள்."

"என்ன காப்பாத்தினது? அது என்ர பம்ப்."

கோபத்தில்தான் வந்தாரா, யோசித்துத்தான் வந்தாரா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கோபத்தில் வருகிறவர் பில்லைக் கொண்டு வருவாரா? தெரியாது.

"உங்கட கிணத்தடியிலை நிக்கட்டும்" என்றார் மச்சான். "என்ர பைக்கிலை ஏத்தேலாது. ஆனா சும்மா இல்லை, வாடகை. ஓடுற மணித்தியாலத்துக்கு நானூறு."

"மண்ணெண்ணெய்?"

"உங்கட."

"அப்ப நூறு."

"நூறுக்குச் சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பும் வராது, மச்சான்."

கேற் வரைக்கும் இதே கதைதான். மனைவி நடுவில் நடந்தாள். ஒரு பக்கமும் சேரவில்லை. மச்சான் பைக்கில் ஏறி, ஸ்டார்ட் பண்ணி, கடைசி விலையைச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இருநூற்றிருபத்தைந்து ரூபாய்.